சோத்தாங்கை, பீச்சாங்கை, மூளையின் வேலைப் பங்கீடு

வடசென்னையில் வழி கேட்டால், "சோத்தாங்கை பக்கமா திரும்பு, அப்புறம் பீச்சாங்கை பக்கம் ரெண்டாவது சந்து" என்று பதில் வரும். ஒன்று சோறு அள்ளும் கை, மற்றது கழுவும் கை. திசைக்கே இப்படிப் பெயர் வைத்துப் பழகிய ஊரில், இடது கையில் பென்சில் பிடிக்கும் குழந்தைக்கு எழுத்துக்கு முன்னால் திட்டு வந்துவிடுகிறது. பால்வாடியில் டீச்சர் பென்சிலை மறு கைக்கு மாற்றுகிறார். வீட்டில் ஆயா புறங்கையில் ஒரு தட்டு தட்டுகிறது. "சின்னதுலயே மாத்திட்டா சரியாயிடும்" என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொல்கிறார்.

சரியாக வேண்டியது அங்கே எதுவும் இல்லை. எந்தக் கை என்பது மூளைக்குள் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதன் வெளி அடையாளம். இந்தப் பதிவு அந்தக் குழந்தைகளின் வீட்டாருக்காக. பாதிக்கு மேல் படித்தால், வீட்டில் ஒருவருக்கு ஸ்ட்ரோக் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் வரும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவலைச் சேர்த்து 2020-இல் வந்த கணக்கு 10.6 சதவீதம் என்கிறது. பெண்களைவிட ஆண்களில் கொஞ்சம் கூடுதல். இது எப்போது முடிவாகிறது என்பதற்கு நல்ல சான்று, பெல்ஃபாஸ்ட்டில் பீட்டர் ஹெப்பர் குழுவினர் செய்த ஆய்வு. 15 வாரக் கருவிலேயே குழந்தை கட்டைவிரல் சூப்புவது அல்ட்ராசவுண்டில் தெரியும். அப்படிப் பார்த்த குழந்தைகளை 10, 12 வயதில் மறுபடி பார்த்தார்கள். வயிற்றுக்குள் வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரர்களாக வளர்ந்திருந்தார்கள். இடது கட்டைவிரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கை, 5 பேர் வலது கை. அம்மா, டீச்சர், ஆயா, யார் கையும் எட்டாத இடத்திலேயே சாய்வு தொடங்கிவிடுகிறது.

"எங்க ரெண்டு பேருக்குமே சோத்தாங்கைதான், இவனுக்கு எங்கிருந்து வந்துச்சு" என்று கேட்பவர்களுக்கு: பெற்றோர் இருவரும் வலது கைக்காரர்களாக இருந்தாலும் பத்தில் ஒரு குழந்தைக்கு இடது கை வரலாம். ஒருவர் இடது என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இருவருமே இடது என்றாலும் நான்கில் ஒன்றுதான். மீதிப் பேர் வலது கைதான். தனி ஒரு மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகின்றன, கரு வளரும்போது நடக்கும் தற்செயலும் சேர்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட ஒருவர் வலது, ஒருவர் இடது என்று இருப்பதைப் பார்க்கலாம்.

இனி மூளைக்குள். மூளையின் இடது பாதி உடலின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் இயக்குகிறது. மேலிருந்து இறங்கும் நரம்பு இழைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் உள்ள முகுளத்தில் பக்கம் மாறிக் கடந்துபோகின்றன. விரல்களின் நுண்ணிய அசைவு முழுக்க எதிர்ப்பக்க மூளையின் வேலை. நடுவுடம்பு, தொண்டை, நெற்றி போன்றவற்றுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வரும். இந்த நெற்றி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கண்ணில்தான் பலரும் தவறுகிறார்கள். இடது கண் வலது மூளைக்குப் போவதில்லை. இரண்டு கண்ணும் பார்க்கும் காட்சியின் இடது பாதி வலது மூளைக்கும், வலது பாதி இடது மூளைக்கும் போகிறது. ஆகவே மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் ஒரு கண் இருட்டாகாது; இரண்டு கண்ணிலும் ஒரே பக்கக் காட்சி மறையும். "கண்ணாடி மாத்தணும் போல" என்று கடைக்குப் போய் நேரத்தை வீணாக்குவது இதனால்தான்.

கை பக்கம் மாறிக் கடப்பது எல்லா மனிதருக்கும் பொது. மொழிதான் ஒரு பக்கமாகச் சாய்கிறது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த நோயாளியின் வாயிலிருந்து "டான்" என்ற ஒரே அசைதான் வரும், பிறர் சொல்வதோ அவருக்குப் புரியும். அவர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தபோது இடது முன்பகுதியில் சிதைவு. இப்படிப் பல பேரைப் பார்த்துவிட்டு, 1865-இல் நாம் இடது மூளையால் பேசுகிறோம் என்று எழுதினார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையைக் காட்டினார்: பேச்சு கடகடவென்று வரும், பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் ஏறாது. அதற்கான சேதம் இடது பக்கத்தில் இன்னும் பின்னால், காதுக்கு மேலே.

உயிரோடு இருப்பவரிடம் இதைச் சோதிக்கும் வழியை 1949-இல் ஜூன் வாடா எழுதினார். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு பக்க மூளைக்கு மட்டும் தூக்க மருந்து போகும். நோயாளி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார். மருந்து ஏறியதும் எதிர்ப்பக்கக் கை பொத்தென்று விழும். அந்தப் பக்கத்தில் மொழி இருந்தால் எண்ணுவதும் அங்கேயே நின்றுவிடும். சில நிமிடத்தில் இரண்டும் திரும்பிவிடும். வலிப்பு நோய்க்கு மூளை அறுவைக்கு முன்னால் பல ஆண்டுகள் இப்படித்தான் பார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் ஸ்கேனிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ் என்று நினைப்பது தவறு. 2000-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், திடமான வலது கைக்காரர்களில் 4 சதவீதம் பேருக்கு மொழி வலது மூளையில் இருந்தது. இரண்டு கையையும் பயன்படுத்துகிறவர்களில் 15 சதவீதம். திடமான இடது கைக்காரர்களில் 27 சதவீதம். அதாவது இடது கைக்காரர்களிலும் பெரும்பான்மைக்கு மொழி இடது பக்கத்தில்தான். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் பேசுகிற வண்ணாரப்பேட்டைக்காரருக்கும் மூன்றும் முக்கியமாக அந்தப் பக்கத்தில்தான். கை அசைவால் பேசும் சைகை மொழிக்கும் அதே பக்கம்தான்.

வலது மூளை சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. முகத்தை அடையாளம் காண்பது, இடத்தையும் தூரத்தையும் கணிப்பது, சுற்றியுள்ள எல்லாப் பக்கத்திலும் கவனம் வைப்பது, பாட்டின் சுருதி, பேச்சின் ஏற்ற இறக்கம் இவற்றில் அதன் பங்கு அதிகம். "நல்லா இருக்கே" என்ற அதே இரண்டு சொல் பாராட்டா கோபமா என்று குரலை வைத்துப் பிரிப்பதில் வலது பக்கத்துக்குப் பெரிய வேலை. பெண்களில் பெரும்பாலோர், இடது கைக்காரர்கள் உட்பட, கைக்குழந்தையை இடது பக்கம் அணைத்தே தூக்குகிறார்கள். குழந்தையின் முகம் தாயின் இடப்பக்கக் காட்சியில் விழுந்து வலது மூளைக்குப் போவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இரண்டு பாதியையும் இணைப்பது கார்பஸ் கலோசம் என்ற பாலம். ஏறக்குறைய 20 கோடி இழைகள். கடும் வலிப்புக்காக இதை வெட்டிய நோயாளிகளிடம் ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கஸ்ஸானிகாவும் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. இடப்பக்கக் காட்சியில் மட்டும் ஒரு கரண்டிப் படத்தைக் காட்டினால் "ஒன்றும் தெரியவில்லை" என்பார் நோயாளி, ஏனென்றால் பேசும் இடது மூளை அதைப் பார்க்கவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் இடது கையை விட்டுத் துழாவச் சொன்னால் கரண்டியைச் சரியாக எடுப்பார். ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அருமையான ஆய்வுகள்தான் பிற்பாடு திரிந்து, "இடது மூளைக்காரர் கணக்குப் புலி, வலது மூளைக்காரர் கலைஞர்" என்ற கதையாக ஆனது. பாலம் வெட்டப்படாத நம் தலையில் இரண்டு பாதியும் நொடிக்கு நொடி பேசிக்கொள்கின்றன. 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அமெரிக்காவின் யூட்டாவில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட வேலை குறிப்பிட்ட பக்கம் சாய்வது உண்மை. ஒரு ஆளே மொத்தமாக ஒரு பக்கத்தை அதிகம் ஓட்டுகிறார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு கானா பாட்டைப் பாடும்போதே வரிகளுக்கு ஒரு பக்கமும் ராகத்துக்கு மறு பக்கமும் சேர்ந்துதான் உழைக்கின்றன.

இதோடு சேர்த்து ஒன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கிறோம், நடுமூளையைத் தூண்டுகிறோம் என்று நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நடுமூளை என்பது மூளைத்தண்டின் உச்சியில் சுமார் இரண்டு செ.மீ. நீளமுள்ள பகுதி, கண் அசைவு, விழிப்பு போன்ற வேலைகளைக் கவனிக்கிறது. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகக் குழந்தை கீழே பார்க்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்தால் படிப்பு நின்றுவிடும். வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அந்தக் குழந்தையின் ஸ்கூல் ஃபீஸுக்கு ஆகட்டும்.

சரி, வீட்டுக் குழந்தை எந்தக் கை என்று எப்படிப் பார்ப்பது? ஓல்ட்ஃபீல்டு 1971-இல் வெளியிட்ட எடின்பரோ பட்டியலில் பத்து வேலைகள் உண்டு: எழுதுவது, படம் வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் தேய்ப்பது, கத்தி, ஸ்பூன், துடைப்பத்தின் மேல்முனையைப் பிடிக்கும் கை, தீக்குச்சி உரசுவது, டப்பா மூடியைத் திறப்பது. நம் வீட்டில் சாப்பாட்டுக் கையை ஏற்கெனவே அடித்துத் திருத்தியிருப்பார்கள், அதனால் ஸ்பூனையும் எழுத்தையும் நம்ப முடியாது. அவற்றுக்குப் பதில் கேரம் போர்டில் ஸ்டிரைக்கரை எந்தக் கை சுண்டுகிறது, கோலியை எது அடிக்கிறது, பம்பரத்தை எது வீசுகிறது, தலையை எது சீவுகிறது என்று பாருங்கள். பொருளைக் குழந்தையின் நெஞ்சுக்கு நேரே நடுவில் வையுங்கள். ஓரமாக வைத்தால் அருகில் இருக்கும் கைதான் எடுக்கும். ஒவ்வொன்றையும் வேறு வேறு நாளில் மூன்று முறை பாருங்கள். வலது எண்ணிக்கையிலிருந்து இடது எண்ணிக்கையைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். பத்தில் வலது 2, இடது 8 என்றால் மைனஸ் 60: இடது கைக் குழந்தை. பூஜ்யத்துக்கு அருகே வந்தால் கலப்பு, அதுவும் இயல்பே. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடது கையால், மட்டையும் பந்தும் வலது கை ஆட்டம்.

நான்கு முதல் ஆறு வயதுக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடும். அதற்கு முன் கை மாறி மாறிப் பயன்படுத்தினால் விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுகிறது, மறு கை முட்டி மடங்கியே இருக்கிறது என்றால் அதை "இப்பவே சோத்தாங்கை வந்துடுச்சு" என்று மகிழாதீர்கள். அந்த வயதில் அழுத்தமான கைச்சாய்வு, மறு பக்கக் கை பலவீனமாக இருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். ஒன்றரை வயதுக்கு முன் இப்படி இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

கையை மாற்றினால் என்ன ஆகும்? கட்டாயப்படுத்தி வலது கைக்கு மாற்றப்பட்டுப் பெரியவர்களானவர்களை எழுதவைத்து மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல பத்தாண்டு வலது கையால் எழுதிய பிறகும் அவர்களுடைய வலது மூளையின் இயக்கப் பகுதிகள் எழுதும்போது வேலை செய்துகொண்டுதான் இருந்தன. எழுதும் கை மாறியது, திட்டமிடும் பக்கம் முழுதாக மாறவில்லை. அந்தக் குழந்தை ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதல் உழைப்பைக் கொடுக்கிறது. எழுத்து மெதுவாகிறது, கோணலாகிறது, பிறகு "சோம்பேறி" என்ற பெயரும் சேர்கிறது. இது அநியாயம் என்றே சொல்வேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் வேறு. விரலால் சோறு பிசைந்து அள்ளுவதற்கு எழுத்து அளவுக்கு நுணுக்கம் தேவையில்லை. இங்கே பல இடது கைக்காரர்கள் வலது கையால் சாப்பிட்டு இடது கையால் எழுதுகிறார்கள். குழந்தை பார்த்துப் பழகி வலது கைக்கு வந்தால் நல்லது. வராவிட்டால் கையைக் கழுவிவிட்டு எந்தக் கையால் சாப்பிட்டாலும் சோறு சோறுதான். அடிக்காதீர்கள்.

எழுத்துதான் நேரம் கொடுத்துச் சொல்லித்தர வேண்டிய இடம். தமிழ் இடமிருந்து வலம் போகிறது. வலது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகும். இடது கை தள்ளிக்கொண்டு போகும். தள்ளும்போது முனை காகிதத்தைக் குத்தும், எழுதியதன் மேலேயே கை நகர்ந்து மை இழுசும், எழுதியதும் மறையும். இதைத் தவிர்க்கத்தான் பல குழந்தைகள் மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்து வரிக்கு மேலிருந்து எழுதுகிறார்கள். தோள் வலியும் களைப்பும் அதில்தான் வருகின்றன.

மாற்று வழி இது. நோட்டைக் குழந்தையின் நெஞ்சுக்கு நேரே வைக்காமல் சற்று இடது பக்கம் தள்ளி வையுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள்; நோட்டின் இடது மேல்மூலை உயர்ந்து நிற்க வேண்டும். மணிக்கட்டு நேராக, எழுதும் வரிக்குக் கீழே இருக்கட்டும். பென்சிலை முனையிலிருந்து மூன்று செ.மீ. மேலே பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் விரல் இறங்காது. வலது கை நோட்டை மேலே பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் வலது பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கையின் நிழலிலேயே எழுத நேரும். பென்சிலில் எச்.பி. போதும், 2பி மெத்தென்று இருந்தாலும் அதிகமாக இழுசும். பேனா என்றால் சீக்கிரம் காயும் பால்பாயிண்ட். ஜெல் பேனாவும் இங்க் பேனாவும் இந்தக் கைக்கு எதிரிகள்.

நம் பள்ளிகளில் டீச்சர் நோட்டின் இடது ஓரத்தில் ஒரு எழுத்தை எழுதிக் கொடுத்து வரி முழுக்க எழுதச் சொல்வார். இடது கைக் குழந்தைக்கு அந்த மாதிரி எழுத்து கைக்கு அடியில் மறைந்துவிடும். வலது ஓரத்திலும் ஒரு முறை எழுதிக் கொடுங்கள், அல்லது வரிக்கு மேலே எழுதுங்கள். இவ்வளவு சின்ன மாற்றத்திலேயே பிழைகள் குறையும். இன்னொன்று, இடது கைக் குழந்தைகள் படுக்கைக் கோட்டை வலமிருந்து இடமாகப் போடவே விரும்புவார்கள். "ட"வின் கீழ்க்கோடு, "ப"வின் அடிக்கோடு அங்கேதான் திரும்பும். கோடு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எழுத்து சரியாக இருந்தால் முதல் ஆண்டில் அதைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டாம். கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை இரு கைக் குழந்தைகளிடமும் வரும். அது இடது கையின் குற்றம் இல்லை.

பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள், முழங்கை இடிக்காது. பரீட்சை அறையில் வலது பக்கம் பலகை வைத்த நாற்காலி போட்டால், மேசை கேட்பது குழந்தையின் உரிமை. ஷூ லேஸ் கட்டுவது போன்ற கைவேலையை வலது கைக்காரர் சொல்லித் தரும்போது எதிரே உட்கார்ந்து காட்டுங்கள். குழந்தை கண்ணாடிபோலப் பார்த்துச் செய்யும். எழுத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல் வேலைக்குப் போகும் இடது கைக்காரர்கள் கத்தரிக்கோலில் அவதிப்படுவார்கள். வெட்டும்போது கட்டைவிரல் தள்ளும், மற்ற விரல்கள் இழுக்கும். வலது கையில் இந்த விசை இரண்டு அலகையும் ஒன்றோடொன்று அழுத்தும். அதே கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அதே விசை அலகுகளை மயிரிழை பிரித்துவிடும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து சிக்கும். சாணை பிடித்தும் பயனில்லை. இடது கைக் கத்தரிக்கோல் என்றால் நுனியை எதிரே நீட்டிப் பிடிக்கும்போது மேல் அலகு இடது பக்கம் இருக்க வேண்டும். பிடியை மட்டும் மாற்றி "ரெண்டு கைக்கும் ஆகும்" என்று விற்பதை வாங்க வேண்டாம்.

பட்டறையில் ஸ்க்ரூ முடுக்குவதும் இப்படியே. வலது கை கடிகாரத் திசையில் திருகும்போது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பும். புஜத்தசை முழுக்க உதவும். இடது கைக்கு அது உள்ளங்கை கீழ்நோக்கிய திருப்பு, பலம் குறைவு. ஆனால் இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றுவதில் இடது கைக்குத்தான் பலம் அதிகம். முடுக்குவதற்கு டி-பிடி வைத்த ஸ்க்ரூடிரைவரோ ராட்செட்டோ கொடுத்தால் வேலை சமமாகிவிடும்.

குத்துச்சண்டையில் இடது கை ஒரு சொத்து. வலது காலை முன்வைத்து, வலது கையால் தொட்டுப் பார்த்து, இடது கையை அடிக்க வைத்திருப்பார்கள். எதிராளி வாழ்நாள் முழுக்க வலது கைக்காரர்களோடு பயிற்சி எடுத்தவர். இந்தக் கோணம் அவருக்குப் புதிது. அரிதாக இருப்பதுதான் பலம். நீச்சல்போல எதிராளியைத் தொடாத விளையாட்டுகளில் இந்த ஆதாயம் கிடையாது. இடது கைக்காரரை எதிர்கொள்ளும் வலது கைக்காரர் தன் முன்காலை அவருடைய முன்காலுக்கு வெளிப்புறம் வைத்து, தன் இடது பக்கமாகவே சுற்ற வேண்டும். வலது பக்கம் சுற்றினால் நேராக அந்த இடது கைக்குள் போய் விழுவார்.

இடது கைக்காரர்கள் சீக்கிரம் இறப்பார்கள் என்ற பேச்சும் உண்டு. 1991-இல் வெளியான ஒரு கணக்கிலிருந்து வந்தது அது. இறந்தவர்களின் சராசரி வயதை ஒப்பிட்டு ஒன்பது ஆண்டு வித்தியாசம் என்றார்கள். பழைய தலைமுறையில் இடது கைக்காரர்களை அடித்து மாற்றியிருந்தார்கள், அதனால் முதியவர்களில் "இடது கை" என்று சொல்லிக்கொள்பவர்களே குறைவு. இருப்பவர்கள் இளையவர்கள் என்றால் அவர்களில் இறப்பவர்களின் சராசரி வயதும் குறைவாகத்தான் வரும். வேறு எதுவும் இல்லை.

இனி ஸ்ட்ரோக். வலது கை கால் விழுந்து, பேச்சும் குழறினால் சேதம் பெரும்பாலும் இடது மூளையில். வீட்டார் பதறி உடனே கிளம்புவார்கள். ஆபத்தான தாமதம் மறு பக்கத்தில்தான் நடக்கிறது. இடது கை தளர்ந்திருக்கும், பேச்சு தெளிவாக இருக்கும். வலது மூளை அடிபட்டவர்களில் பலருக்குத் தன் கை வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. "எனக்கு ஒண்ணும் இல்ல, படுத்தா சரியாப்போயிடும்" என்று நல்ல தமிழில் அவரே சொல்வார். அவரே சொல்கிறாரே என்று விட்டுவிடுகிறார்கள். அவர் சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பத்து வரை எண்ணுங்கள். ஒரு கை தானாக இறங்கினால் 108-ஐ அழையுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால் நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். மூளையிலிருந்து நெற்றிக்கு இரண்டு பக்கமும் கட்டளை வருவதால், ஸ்ட்ரோக்கில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் முகநரம்பு மட்டும் பாதித்த முகவாதமாக இருக்கலாம். இதைப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம், இரண்டுக்கும் மருத்துவமனைதான். நெற்றி நன்றாக இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்கவும் வேண்டும். தூங்கி எழுந்தபோது கண்டால், படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் பிரஷர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் அரை மணி அங்கேயே போய்விடும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் நேரே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கும். நோயாளி இடது கைக்காரர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மொழி எந்தப் பக்கம் என்ற கணிப்புக்கு அது தேவை.

திடீரென்று ஒருவர் சம்பந்தமில்லாமல் கடகடவென்று பேசினால் குடித்திருக்கிறார், காற்று பட்டிருக்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறார்கள். அது வெர்னிக்கே பகுதியில் வந்த ஸ்ட்ரோக்காக இருக்கலாம். பேச்சு போனவர் செவிடும் அல்ல, புத்தி கெட்டவரும் அல்ல. கத்திப் பேசாதீர்கள். குட்டி வாக்கியம், ஆமா-இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி, கையில் பொருளைக் காட்டிக் கேட்பது, பதிலுக்குப் பத்து நொடி காத்திருப்பது, இவைதான் மருந்து. சிலருக்கு ஒரு மொழி முதலில் திரும்பும். வீட்டில் தெலுங்கும் உண்டு என்றால் தெலுங்கிலும் பேசிப் பாருங்கள். ஒரு சொல்கூடச் சொல்ல முடியாதவர் பழகிய பாட்டை வரியோடு பாடுவது உண்டு. கிழமைகளின் பெயர், ஒன்று இரண்டு, தினம் சொல்லும் பிரார்த்தனை ஆகியவையும் வரலாம். இதைப் பிடித்து, தேவையான சொற்றொடரை ராகத்தோடு, இடது கையால் தாளம் தட்டிப் பழக்கும் பயிற்சி 1973-இல் இருந்து இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

வலது மூளை ஸ்ட்ரோக்கில் மீண்டவர்கள் பலரிடம் ஒரு விநோதம் இருக்கும். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இடது பாதியை அப்படியே விடுவார். தலையை ஒரு பக்கம் மட்டும் சீவுவார். சட்டையின் இடது கையைப் போட மறப்பார். கண் தெரியாததால் அல்ல. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. ஒரு தாளில் 20 செ.மீ. நீளக் கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால், வலது பக்கம் தள்ளி வைப்பார். அப்படி இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அவசியம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை: தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியுற வரைக்கும் பாரு நைனா" என்று ஒவ்வொரு வேளையும் சொல்லுங்கள். நாமே தட்டைத் திருப்பி வைத்துவிட்டால் அவர் தேடப் பழக மாட்டார். பேசும்போது இடது பக்கம் உட்காருங்கள். ஆரம்பத்தில் முகம் திருப்ப மாட்டார், நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகருங்கள். தண்ணீர் சொம்பையும் செல்போனையும் மட்டும் வலது பக்கம், கைக்கு எட்டும்படி வையுங்கள். கொதிக்கும் பாத்திரம், அடுப்பு எதுவும் அவருடைய இடது பக்கத்தில் இருக்கக் கூடாது. சுட்டால்கூட உடனே தெரியாது. தெருவில் நடக்கும்போது அவருடைய இடது பக்கமாகவே நடங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆட்டோவை அவர் பார்க்க மாட்டார்.